மாப்பிள்ளைக்கு உப்பு

எங்கள் வட்டாரத்தில் பாதிப் பேர் சிரிக்கிற சிரிப்பு பல்செட் அண்ணன் கையால் ஆனது. அது அவர்களுக்கே தெரியாது. பல் டாக்டரைத் தெரியும். டாக்டர் ரூம் வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிற என்னைக்கூடத் தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு மாடிப்படிக்கு அடியில் இருக்கிற சின்ன லேபில், பிளாஸ்டர் தூசிக்குள் உட்கார்ந்து ஒவ்வொரு பல்லாக மெழுகில் நட்டு, வேகவைத்து, ராவி, பளபளவென்று தேய்த்துக் கொடுக்கிற மனிதரை ஒருவருக்கும் தெரியாது. நோயாளிகளின் வாயில் எடுத்த அச்சுகளை டப்பாவில் போட்டு வாரம் மூன்று நாள் அவரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. பதினோரு வருஷமாகக் கொடுக்கிறேன்.

அவருக்கு வயது ஐம்பத்தொன்பது. வேலை கொடுத்தால் "ஆகட்டும்" என்பார், குறை சொன்னால் "பாக்கிறேன்" என்பார். இந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு வாரத்தை ஓட்டிவிடுவார். எனக்கு வாய் நீளம் என்று எங்கள் வீட்டில் ஒரு குறை உண்டு. அதனால் எங்கள் இருவருக்கும் ஒத்துப்போயிற்று. நான் பேசுவேன், அவர் ராவுவார்.

அவர் மனைவி பள்ளிக்கூடத்து வேதியியல் லேபில் இருபத்தெட்டு வருஷம் உதவியாளராக இருந்தவர். எந்தப் புட்டி எந்தத் தட்டில், எதோடு எதைச் சேர்த்தால் புகையும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர். ஓய்வு பெற்ற கையோடு கூடத்தில் ஒரு கடல்நீர்த் தொட்டி வைத்தார். குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஊற்றி மீன் வளர்ப்பதெல்லாம் அவருக்கு ஒரு வேலையாகவே படவில்லை. இதற்கென்று விற்கிற உப்பை அளந்து கலக்க வேண்டும். அதில் ஒரு சொட்டை எடுத்து, சின்ன டார்ச் போல இருக்கிற குழல் ஒன்றின் முனையில் விட்டு, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். உள்ளே நீலமும் வெள்ளையும் சந்திக்கிற கோடு முப்பத்தைந்தில் நிற்க வேண்டும். முப்பத்தாறில் நின்றால் அன்றைக்கு அந்த அம்மாவுக்குச் சோறு இறங்காது.

முதலில் ஏழு மீன் இருந்தன. ஒவ்வொன்றாகப் போய், கடைசியில் நின்றது ஒன்று. உள்ளங்கை அகலம், தட்டை உடம்பு, எலுமிச்சம்பழ மஞ்சள். வேளாவேளைக்குச் சாப்பாடு வரவேண்டும். கொஞ்சம் தாமதமானால் முகத்தைத் திருப்பிக்கொண்டு கல்லுக்குப் பின்னால் போய் நிற்கும், கெஞ்சினால்தான் வெளியே வரும். அதனால் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தார் அந்த அம்மா. மகளுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே வைத்த பெயர். நிஜ மாப்பிள்ளை வந்த பிறகு அவர் பெரிய மாப்பிள்ளை ஆனார், இது மஞ்ச மாப்பிள்ளை ஆனது. "மாப்பிள்ளை சாப்பிட்டானா?" என்று அண்ணன் கேட்டால், "சாப்பிட்டாரான்னு கேளுங்க, மாப்பிள்ளைக்கு மரியாதை குறையக் கூடாது" என்பாராம். அந்த வீட்டில் இருந்த ஒரே வேடிக்கை அதுதான் என்று நினைக்கிறேன். அதைச் சொல்லும்போதெல்லாம் ராவுகிற கையை நிறுத்திவிட்டுச் சொல்வார்.

மகளுக்குப் பிரசவம் என்று அந்த அம்மா வெளிநாட்டுக்குப் போனார். மூன்று மாதம் என்றுதான் போனார். போகும்போது தொட்டியை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று ஒரு நோட்டு எழுதி வைத்துவிட்டுப் போனார். பேத்தி பிறந்தாள், தவழ்ந்தாள், நடந்தாள். மகள் வேலைக்குத் திரும்பினாள். மூன்று மாதம் இழுத்து இழுத்து இரண்டு வருஷமும் ஒரு மாதமும் ஆயிற்று. எப்போது வருகிறாய் என்று அண்ணன் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. சண்டை ஒன்றும் கிடையாது. கேட்டால் பதில் வந்துவிடுமே என்கிற பயம்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடியோவில் கூப்பிடுவார். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, கேஸ் வந்துருச்சா. உப்புச் சப்பில்லாத நாலு கேள்வி. அதற்கப்புறம் "காட்டுங்க" என்பார். அண்ணன் போனைத் தொட்டிப் பக்கம் திருப்புவார். அங்கே பேத்தி அழுவாள், "சரி, வெக்கிறேன்" என்று முடியும். மொத்தம் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்துக்காக அண்ணன் சனிக்கிழமை சாயந்தரமே தொட்டிக் கண்ணாடியைத் துடைத்து வைத்துவிடுவார். "காட்டுங்க"வைத் தவிர அவர்களுக்குள் உயிரோடு இருந்த பேச்சு வேறு இல்லை. மீன் போனால் ஞாயிற்றுக்கிழமையும் போய்விடும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். என்னிடமே அப்படிச் சொன்னார், வாய்விட்டு.

ஒரு புதன்கிழமை நான் அச்சு டப்பாவோடு போனபோது மனிதர் கை வேலையில் இல்லை. ஒரு கிழவருடைய மேல் வரிசையில் கடைவாய்ப் பல்லை முன்னால் நட்டு வைத்திருந்தார்.

"என்னண்ணே, இவர் என்ன கரும்பு கடிக்கிற மிஷினா?" என்றேன்.

சிரிக்கவில்லை. "மாப்பிள்ளை மேல உப்பு ஒட்டிருக்கு" என்றார்.

காலையில் விளக்கைப் போட்டதும் பார்த்திருக்கிறார். துடுப்பிலும் வாலிலும் வெள்ளை வெள்ளையாகப் பொடி. உப்பு சரியாகக் கரையாமல் போய் மீன்மேல் ஒட்டிக்கொண்டது என்று நினைத்து, அரை மணி நேரம் படகு வலிப்பதுபோலத் தண்ணீரைக் கலக்கியிருக்கிறார். பொடி போகவில்லை. மீன் கல்லில் போய் உடம்பைத் தேய்த்துக்கொண்டது. மூச்சு வாங்கியது. காய்ந்த கடல்பாசித் தாளைக் கிளிப்பில் மாட்டித் தொங்கவிட்டால் தானாக ஓடிவருகிற பிராணி, அன்றைக்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நோட்டை எடுத்துப் பார்த்திருக்கிறார். வாராவாரம் செய்கிற வேலைகள் உள்ள பக்கங்கள் அவருக்கு மனப்பாடம். 'நோய்' என்று ஒரு பக்கம் தனியாக இருந்தது. அதில், 'வெள்ளைப் புள்ளி வந்தால் என்னைக் கேட்காமல் மருந்து எதுவும் ஊற்ற வேண்டாம்' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தது. அண்ணன் அதோடு நோட்டை மூடிவிட்டார்.

"அப்புறம் என்ன, கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டா, மீனுக்கு உடம்பு சரியில்லன்னு தெரிஞ்சுபோகுமே."

"தெரியட்டுமே."

"ஒரு மீனைப் பாத்துக்கத் துப்பில்லன்னு நினைப்பா." தப்பாக நட்ட கடைவாய்ப் பல்லை மெழுகிலிருந்து பிடுங்கிக்கொண்டே, "போனாப் போகுதுன்னு சொல்லிட்டாலும் சொல்லிடுவா" என்றார்.

இரண்டாவதுதான் நிஜமான பயம். எனக்குக் கோபம் வந்தது. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தின பெண்டாட்டியிடம் ஒரு மீனுக்கு வைத்தியம் கேட்க இவ்வளவு யோசனையா? வாயில் வந்ததைச் சொன்னேன். "பாக்கிறேன்" என்றார்.

வளர்ப்பு மீன் விற்கிற கடைக்காரரிடம் போயிருக்கிறார். அவர் ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு, "இது பூச்சி, உப்பு இல்ல. தோலுக்குள்ள உக்காந்திருக்கும். விட்டா பத்து நாள் தாங்காது. மருந்து தரவா?" என்றார். அண்ணன் மருந்துப் புட்டியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அடியில் இரண்டு கோடு போட்டு எழுதியிருக்கிறதே.

அந்த ஞாயிற்றுக்கிழமை "காட்டுங்க" என்றதும், அண்ணன் போனைக் கொஞ்சம் தள்ளி, ஜன்னல் வெளிச்சம் கண்ணாடியில் படுகிற மாதிரி சாய்த்துப் பிடித்தார். மஞ்சளாக ஏதோ ஒன்று தெரியும், புள்ளி தெரியாது. பல்செட்டில் கீறல் விழுந்திருந்தால் எந்தக் கோணத்தில் பிடித்தால் தெரியாது என்பது அவருக்கு அத்துப்படி.

"என்ன, மங்கலா இருக்கு?"

"வெயில் அடிக்குது."

அங்கே பேத்தி எதையோ தட்டிவிட்ட சத்தம் கேட்டது. அந்த அம்மா எழுந்தார், மறுபடி திரையில் வந்தார். "ஆங், சொல்ல மறந்துட்டேன். மாப்பிள்ளைக்கு உப்பைக் குறைக்கச் சொல்லிட்டாங்க. பாதிக்கும் கீழ கொண்டுவரணுமாம். ஒரு மாசம் அப்படியே வெச்சுப் பாக்கணும்னு சொல்லியிருக்காங்க. சரி, வெக்கிறேன்."

திங்கட்கிழமை நான் போகிற நாள் இல்லை. அவரே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். பதினோரு வருஷத்தில் முதல் தடவை. டோக்கனுக்கு நிற்கிறவர்களைத் தாண்டி என் மேஜைக்கு வந்து, "கண்டுபிடிச்சிட்டா, தங்கச்சி" என்றார். "நான் அவ்வளவு மறைச்சுப் பிடிச்சும் பாத்துட்டா. பாத்துட்டு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம, யாரையோ கேட்டு, வைத்தியமும் சொல்லிட்டா. திட்டக்கூட இல்ல." கண் கலங்கியிருந்தது. பல் பிடுங்க உட்கார்ந்திருந்தவர்கள் இவரைப் பார்த்துப் பயந்துபோனார்கள்.

எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. சும்மா சொல்லக் கூடாது, அந்த அம்மாமேல் மரியாதையே வந்தது.

மீன் கடைக்காரரும் தலையாட்டினார். "உப்பைக் குறைச்சா பூச்சி வெடிச்சுப் போகும், மீன் தாங்கிக்கும். ஆனா மடார்னு குறைக்கக் கூடாது, மூணு நாள் எடுத்துக்கங்க. நத்தை கித்தை இருந்தா முதல்ல வெளிய எடுத்துருங்க, அதுங்க தாங்காது. இது யார் சொன்னது?"

"வீட்ல சொன்னாங்க" என்றார் அண்ணன்.

"விவரமானவங்க."

உச்சி குளிர்ந்துவிட்டது இவருக்கு. மூன்று நாள் லேபைப் பாதி நேரம்தான் திறந்தார். இரண்டு நத்தையையும் பழைய உப்புத் தண்ணீரோடு ஒரு வாளிக்கு மாற்றினார். தொட்டியில் கொஞ்சம் எடுத்து, கொஞ்சம் நல்ல தண்ணீர் விட்டு, மணிக்கொரு தரம் குழலைக் கண்ணில் வைத்துக் கோட்டைப் பார்த்தார். முப்பது. இருபத்தைந்து. பதினெட்டு. மூன்றாம் நாள் சாயந்தரம் கோடு பன்னிரண்டில் வந்து நின்றது. மயிரிழை பிசகினாலும் பல்செட் வாயில் ஆடும் என்று தெரிந்த கை அது. அதற்கப்புறம் தினமும் காலையில் ஆவியான அளவுக்குத் தண்ணீர் விட்டு, ஒரு மாதம் அந்தக் கோட்டைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். பத்தாம் நாள் புள்ளி குறைந்தது. பதினைந்தாம் நாள் மீன் கிளிப்பிலிருந்த பாசியைப் பிடுங்கித் தின்றது. கிழவருடைய பல்செட்டும் அந்த வாரம்தான் சரியாக அமைந்தது.

நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா, "பாவம் மாப்பிள்ளை, உப்பைக் குறைச்சதுல முகமே வாடிப்போச்சு" என்றிருக்கிறார்.

இவர் தொட்டியைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "ரெண்டு நாள்ல பழகிடுவான்" என்றார்.

அந்தப் பக்கம் சட்டென்று குரல் தணிந்தது. "பழகிடுவார்னு சொல்லுங்க. மரியாதை குறையக் கூடாது."

இதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். இரண்டு வருஷம் கழித்து அந்தப் பழைய வேடிக்கை திரும்பி வந்துவிட்டது என்று சிரித்தார். பாலிஷ் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைக்க மறந்து சிரித்தார்.

ஐந்தாவது ஞாயிறு. மீன்மேல் ஒரு புள்ளி இல்லை. இந்தத் தடவை போனைக் கண்ணாடியோடு ஒட்டிக் காட்டி, நீ சொன்ன வைத்தியம்தான் என்று சொல்ல வேண்டும் என்று வாக்கியத்தையே தயார் பண்ணி வைத்திருந்தார். அதற்குள் அந்த அம்மாவே ஆரம்பித்தார்.

"நல்ல சேதி. மாப்பிள்ளைக்கு இறங்கிடுச்சு. நூத்தி முப்பதுக்கு வந்துருச்சு."

"எது நூத்தி முப்பது?"

"பிரஷர்தான். அன்னிக்கே சொன்னேனே, உப்பைக் குறைக்கச் சொல்லிட்டாங்கன்னு. உங்க பொண்ணு பாவம், தனியா சமைக்கிறா அவருக்கு. ஆமா, மீன் எப்படி இருக்கு?"

எனக்குப் புதன்கிழமை அண்ணன் இதைச் சொன்னபோது மற்றதைவிட அந்த ஒரு சொல்தான் உறைத்தது. மீன். இந்த வீட்டில் இருந்தது ஒரே மாப்பிள்ளை, அந்த வீட்டில் இருந்தது ஒரே மாப்பிள்ளை. பெரிய, மஞ்ச என்று பிரித்துச் சொல்ல வேண்டிய தேவை இரண்டு பக்கமும் எப்போதோ போய்விட்டிருக்கிறது. அந்த அம்மா புள்ளியைப் பார்க்கவே இல்லை. யாரையும் கேட்கவும் இல்லை. திட்டாமல் விட்டது பெருந்தன்மையும் இல்லை.

"நல்லா இருக்கு" என்றாராம் அண்ணன். தயார் பண்ணின வாக்கியம் போன இடம் தெரியவில்லை. ஆனாலும் மனிதர் அன்றைக்கு ஒரு தைரியம் பண்ணினார். "தொட்டியில உப்பு கொஞ்சம் குறைஞ்சு கிடக்கு. மறுபடி ஏத்தணும். எனக்குச் சரியா வரல. நீ வந்து ஒருதடவை பாத்துட்டுப் போறியா?"

"இதுக்கா நான் வரணும்? உப்புக் கணக்கெல்லாம் நோட்டுல கடைசில எழுதியிருக்கேனே, பாருங்க."

நோய்ப் பக்கத்துக்கு அந்தப் பக்கம் அவர் போனதே இல்லை. அன்றைக்குத்தான் புரட்டினார். புதன்கிழமை நோட்டை லேபுக்கே கொண்டுவந்து, மேஜைமேல் தூசியைக் கையால் ஒதுக்கி, என் முன்னால் விரித்து வைத்தார்.

அழகான கையெழுத்து. இத்தனை லிட்டருக்கு இத்தனை கிராம் என்று ஒரு பக்கம். ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று ஒரு வரி. அதற்கு அடுத்த பக்கத்தில், 'மாற்ற வேண்டியவை' என்று தலைப்பு.

'முதல் வருஷம் முடிவில்: விளக்கு.
மூன்றாம் வருஷம்: பம்புக்குள் இருக்கும் ரப்பர்.
ஐந்தாம் வருஷம்: தொட்டி ஓரத்துப் பசை விட்டிருக்கிறதா என்று பார்க்கவும்.'

"தங்கச்சி," என்றார், "மூணு மாசத்துக்குப் போறவங்க அஞ்சாம் வருஷத்துக்கு எழுதி வெப்பாங்களா?"

என் வாய் நீளம் அன்றைக்கு உதவவில்லை. லேப்காரம்மா இல்லையா, எல்லாவற்றையும் முழுசாக எழுதித்தான் பழக்கம் என்று ஏதோ உளறினேன். அவர் கேட்டுக்கொண்டாரா என்று தெரியவில்லை. விரலால் அந்தப் பக்கத்தின் அடியைக் காட்டினார். அங்கே இன்னொரு வரி இருந்தது, பேனா மை கொஞ்சம் வேறு நிறத்தில், அப்புறமாக யோசித்து எழுதினதுபோல.

'நன்றாகப் பார்த்துக்கொண்டால் இந்த மீன் இருபது வருஷம் இருக்கும். உங்களுக்குத் துணை.'

அதைப் படித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த அம்மாவை நன்றாகத் திட்ட வேண்டும் என்று வாயைத் திறந்தேன், முடியவில்லை. துணைக்கு ஒன்றை ஏற்பாடு செய்துவிட்டுத்தான் போயிருக்கிறார். அண்ணன் நோட்டை மூடி, மேல் அட்டையில் ஒட்டின தூசியை ஊதினார். நான் கொண்டுபோன டப்பாவைத் திறந்து, "இது யாரோடது, கீழ் வரிசையா?" என்று கேட்டார்.

அந்த வாரம் முழுக்க உப்பை ஏற்றினார். நத்தைகளைத் திருப்பி விட்டார். மூன்றாம் வருஷம் ஆரம்பித்துவிட்டது என்று பம்பைக் கழற்றி, புது ரப்பர் வாங்கிப் போட்டார். விட்டுப்போன விளக்கையும் மாற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் போன் வந்தது. சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா எல்லாம் முடிந்து, "காட்டுங்க" என்றார் அந்த அம்மா. அண்ணன் போனைத் திருப்பவில்லை. தன் முகத்துக்கு நேராகவே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அஞ்சாம் வருஷம் பசை பாக்கணும்னு எழுதியிருக்கே" என்றார். "அதுக்காவது நீ இங்க இருப்பியா?"

அன்றைக்குப் பேத்தி அழவில்லை. எதையும் தட்டிவிடவில்லை.

அந்த அம்மா, "மீனைக் காட்டுங்க" என்றார்.

அண்ணன் போனைத் திருப்பினார்.